ஒரு சொல்லை நீக்கப் போன டிக்கி டீச்சர்

பல்கலைக்கழகத்தில் அவளை டிக்கி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். மாணவர்கள் வைத்த பெயர், ஆனால் காவலாளி முதல் பதிவாளர் அலுவலகம் வரை அதுவே நிலைத்துவிட்டது. முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பிழையில்லாமல் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிற பகுதிநேர விரிவுரையாளர் அவள். பதினோரு வருடம் அதே வேலை. உட்கார மட்டும் ஓர் இடம் கிடையாது. அவளுடைய அலுவலகம் முழுவதும் சாம்பல் நிறக் கார் ஒன்றின் டிக்கிக்குள் இருந்தது. திருத்திய தாள்களுக்கு ஓர் அட்டைப்பெட்டி, திருத்தாதவற்றுக்கு அதைவிடப் பெரியதாக ஒன்று, அட்டை கழன்ற அகராதி, ஸ்டேப்ளர், ஒரு மடக்கு ஸ்டூல். சந்தேகம் கேட்கிறவர்கள் வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்துவிடுவார்கள். ஸ்டூலை அவர்களிடம் கொடுத்துவிட்டு அவள் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துகொள்வாள். மழை வந்தால் டிக்கிக் கதவுதான் கூரை.

அதுகூட அவளுக்குப் பழகிப்போனது. அவளை அரித்ததெல்லாம் ஆர்டர்தான். பகுதிநேரக்காரர்களுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக நியமன ஆர்டர் வரவேண்டும். வகுப்பு தொடங்க நாலு நாள் இருக்கும்போது வரும், மூன்று நாள் இருக்கும்போது வரும், ஒரு முறை வகுப்பு தொடங்கி மூன்றாம் நாள் வந்தது. அதற்குள் அவள் இரண்டு பாடம் நடத்தி, வீட்டுவேலையும் கொடுத்து முடித்திருந்தாள். விடுமுறைக்கு எங்கேயாவது போகலாமா என்று கணவர் கேட்டால், ஆர்டர் வரட்டும் என்பாள். அவர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிந்தவர்களையே நடக்க வைத்துவிட முடிகிறது, பெண்டாட்டியை ஒரு ரயிலில் ஏற்ற முடியவில்லை என்று நோயாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

பழைய ஒப்பந்தம் முடிகிற வருடம் அது. ஆசிரியர் சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து புதிய ஒப்பந்தம் பேச வேண்டும். சங்கத் தலைவர் சரித்திரப் பேராசிரியர், நிரந்தரப் பணியில் இருப்பவர், தங்கமான மனிதர். எந்தக் கூட்டத்திலும் நேரம் முடிவதற்குள் முன்னுரையைத் தாண்டமாட்டார் என்பதால் அவருக்கு முன்னுரை என்றே பெயர். ஒரு நாள் மத்தியானம் அவர் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து, மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தார். பேச்சுவார்த்தைக் குழுவுக்குப் பகுதிநேரக்காரர்கள் சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்றார். வகுப்பில் பேசுவேன், சபையில் எனக்குப் பேச வராது என்று அவள் நழுவப் பார்த்தாள்.

"பேசறதுக்குத்தான் நான் இருக்கேனேம்மா," என்றார் முன்னுரை. "படிக்கத்தான் ஆள் இல்ல. நிர்வாகம் கொடுக்கிற காகிதத்தை இதுவரைக்கும் எங்கள்ல யாருமே கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அன்று சாயங்காலமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழைய ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், மாணவர் கட்டுரையைப் படிக்கிற மாதிரி பேனாவோடு உட்கார்ந்தாள். ஆர்டர் பற்றிய விதி இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தது. 'பகுதிநேர விரிவுரையாளருக்கு வகுப்பு தொடங்குவதற்கு முப்பது நாள் முன்பாக, இயன்றவரை, ஆணை வழங்கப்படும்.' அவள் அதைச் சத்தமாகவே படித்தாள். முப்பது நாள் என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு சொல் உட்கார்ந்துகொண்டு மொத்தத்தையும் தின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாமியார் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் தபால் நிலைய கவுண்டரில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்.

"அந்த வார்த்தைய நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா? 'இயன்றவரை சீக்கிரம் அனுப்பறோம்'னு. ஒரு தடவைகூட இயன்றதே இல்லை."

"அப்ப எப்படித்தான் அத்தை உங்ககிட்ட வேலை வாங்குவாங்க?"

"தேதியோட வர்றவங்களுக்கு மட்டும் பயப்படுவேன். 'போன மாசம் ஒன்பதாம் தேதி பதினொரு மணிக்கு வந்தேன், இதையே சொன்னீங்க'ன்னு ஒருத்தர் நோட்டைப் பிரிச்சார்னா, அவர் வேலை அன்னிக்கே முடிஞ்சுடும்."

டீச்சர் மறுநாளே எல்லாப் பகுதிநேரக்காரர்களிடமும் பழைய ஆர்டர்களைக் கேட்டாள். கணக்கு, உயிரியல், ஓவியம் என்று எல்லாத் துறையிலிருந்தும் வந்தன. பைல்களில் வந்தன, புத்தகத்துக்குள் அடையாளம் வைத்தபடி வந்தன, குழந்தை கிறுக்கிய படத்தோடு ஒன்று வந்தது. ஆர்டரில் இருந்த தேதியையும் வகுப்பு தொடங்கிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதினாள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு ஆர்டர். முப்பது நாள் முன்னால் வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் இறந்துபோன ஒருவர் பெயருக்கு.

பேச்சுவார்த்தைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் ஒத்திகை நடந்தது. மாமியார் பதிவாளராக உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, மருமகள் எதைக் கேட்டாலும், "பார்க்கலாம்," "மேலிடத்தில் கேட்கணும்," "உங்க கஷ்டம் புரியுது" என்று மாற்றி மாற்றிச் சொன்னார். கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் டீச்சர் இரண்டு தடவை கோபப்பட்டாள், ஒரு தடவை கண் கலங்கினாள். நான்காம் சுற்றில்தான் நோட்டைப் பிரித்துத் தேதிகளை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கக் கற்றாள். பதிவாளராக இருந்த மாமியாரால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. சரி, எழுந்து போய்ச் சாப்பாட்டைப் பார்க்கலாம் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

உண்மையான பதிவாளர் வேறு மாதிரி ஆள். ஒல்லியான மனிதர், பென்சிலைச் சீவிச் சீவியே பேசுவார். பொய் சொல்லமாட்டார், சிரிக்கவும் மாட்டார். மேசையின் ஒரு பக்கம் அவரும் இரண்டு அதிகாரிகளும். இந்தப் பக்கம் முன்னுரை, டீச்சர், ஆய்வகக் கண்காணிப்பாளர். கண்காணிப்பாளர் வகுப்பெடுப்பவர் அல்ல. ஆனால் ஆய்வகக்காரர்களும் நூலகத்தாரும் அதே சங்கத்தில்தான் இருந்தார்கள். கட்டடத்தில் இருக்கிற எல்லாப் பூட்டுக்கும் அவரிடம் சாவி உண்டு, தேவையில்லாமல் வாயைத் திறக்கமாட்டார்.

முதல் நாள் முன்னுரை, கல்விக்கூடங்கள் தோன்றிய காலத்திலிருந்து தொடங்கினார். மதிய இடைவேளைக்குள் முந்நூறு வருடம்தான் கடந்திருந்தது. இரண்டாம் நாள் டீச்சர் தன் நோட்டைப் பிரித்தாள். முதலில் ஒவ்வொரு தேதியையும் மெல்ல வாசித்தாள். பத்தாவது தேதிக்கு மேல் வேகம் கூடியது. வாசித்து முடித்து, அத்தையிடம் கற்றபடி வாயை மூடிக்கொண்டாள். பதிவாளர் பென்சிலைக் கீழே வைத்தார்.

மாணவர் எத்தனை பேர் சேருகிறார்கள் என்பது கடைசி வாரம்தான் தெரிகிறது, ஆளே சேராத வகுப்புக்கு முன்கூட்டி ஆர்டர் கொடுத்துவிட்டு அப்புறம் நான் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். டீச்சருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள். அதற்கடுத்த இரண்டு கூட்டமும் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து நின்றது. உட்கார அறை வேண்டும் என்ற கோரிக்கைக்கும், காலி அறையே இல்லை என்று பதில் வந்தது.

சங்கக் கூட்டத்தில் சிலர் வகுப்பைப் புறக்கணிக்கலாம் என்றார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம், வேண்டாம் என்றாள் டீச்சர். வேலையை நிறுத்துவதற்குப் பதில், நாம் செய்கிற வேலையை எல்லோரும் பார்க்கிற மாதிரி செய்தால் என்ன என்று கேட்டாள். அப்படித்தான் அந்த வியாழக்கிழமை எழுபத்து மூன்று பகுதிநேரக்காரர்கள், தங்கள் தாள்கட்டுகளோடு வந்து, நிர்வாகக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து தேர்வுத்தாள் திருத்தினார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. ஏறுகிறவர்களுக்கு ஓரமாக வழிகூட விட்டிருந்தார்கள். ஓவிய ஆசிரியர் தன் மாணவர்களின் படங்களைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவைத்து மதிப்பெண் போட்டார். மாணவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார்கள். முன்னுரை யாரும் கேட்காமலே எல்லோருக்கும் தேநீர் சுமந்துவந்தார். அன்று முழுவதும் அவர் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை என்பதைப் பலர் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணிக்குப் பதிவாளர் வந்தார். மேல்மாடிக்குப் போக அந்தப் படிதான் வழி. மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே ஏறியவர், பாதிவழியில் டீச்சர் பக்கத்தில் நின்றார்.

"வழக்கமா இவங்கள்லாம் எங்க உட்கார்ந்து திருத்துவாங்க?"

"எனக்குக் கார் இருக்கு சார். மத்தவங்களுக்கு அதுவும் இல்லை. கேன்டீன், பஸ், வீட்டுச் சமையல்கட்டு."

அவர் மேலே ஏறிப்போனார். சாயங்காலம் இறங்கும்போதும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை தாள் இருந்தது.

படிக்கட்டில் இருந்தபோதுதான் டீச்சருக்கு அந்தப் பதில் அகப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு ஆசிரியரிடம், உங்கள் வகுப்பு எத்தனை முறை ஆள் சேராமல் ரத்தாகியிருக்கிறது என்று சும்மா கேட்டாள். ஒரு முறையும் இல்லை என்றார் அவர். அவளுடையதும் ரத்தானதில்லை. படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே இறங்கினாள். அத்தனை வருடத்தில், இருநூற்றுப் பதினான்கில், ரத்தானவை ஆறுதான்.

அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னாள். ஆறு வகுப்புக்குப் பயந்துகொண்டு இருநூற்று எட்டு வகுப்பின் ஆர்டரைக் காக்கவைக்கிறோம் சார் என்றாள். தன் பதிவேட்டைப் பார்க்காமல் பதில் சொல்லமாட்டேன் என்று பதிவாளர் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். தட்டிக்கழிக்கிறார் என்று முன்னுரை கொதித்தார். மறுநாள் காலை பதிவாளர் கனமான ஒரு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆறு இல்லை, ஏழு," என்றார். "உயிரியல்ல ஒண்ணை விட்டுட்டீங்க."

"ஏழுன்னே வச்சுக்கலாம் சார்."

"ஏழுதான். வச்சுக்கறதுக்கு ஒண்ணுமில்லை." அவர் பென்சிலை எடுத்து, விதியிலிருந்த அந்த ஒற்றைச் சொல்லின் மேல் நேர்கோடாக ஓர் அடி அடித்தார். பிறகு இரண்டு பக்கமும் உட்கார்ந்து மீதியை எழுதினார்கள். ஆர்டர் முப்பது நாள் முன்னால் வரும். அதற்குப் பிறகு வகுப்பு ரத்தானால் அந்த ஆசிரியருக்கு வேறு பணி தரப்படும். டீச்சர் நாற்பது நாள் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

அறை விஷயம் வந்தபோது, இடமில்லை என்று அதிகாரி ஒருவர் மறுபடி தொடங்கினார். அதுவரை வாய் திறக்காத ஆய்வகக் கண்காணிப்பாளர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். இரண்டாம் மாடியில் பழுதான நுண்ணோக்கிகள் மட்டும் குடியிருக்கிற அறை ஒன்று, ஒன்பது வருடமாகப் பூட்டியிருக்கிறது, ஜன்னல் இரண்டு, மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்று நிதானமாகச் சொன்னார். எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். மின்விசிறி சுற்றியது.

ஒப்பந்தம் வாக்கெடுப்பில் ஏறக்குறைய ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்து நான்கு வாக்கு விழுந்தது. யாருடையவை என்று முன்னுரை கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தார். டீச்சர் வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அந்தாளு 'பார்க்கலாம்'னு சொன்னாரா?" என்பதுதான். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றதும், அப்படியானால் அவருக்கு வேலை தெரியாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அறை வந்தபிறகுதான் அடுத்த தலைவலி. ஆறு மேசை, எழுபத்து மூன்று பேர். யாருக்கு எந்த நேரம் என்று அட்டவணை போடும் பொறுப்பு டீச்சர் தலையில் விழுந்தது. ஓவிய ஆசிரியருக்கு ஜன்னல் வேண்டும், கணக்கு ஆசிரியருக்கு ஜன்னல் ஆகாது, இன்னொருவர் தாள் திருத்தும்போது பாடுவார். பதிவாளரோடு ஐந்து வாரம் பேசியதைவிட இவர்களோடு ஐந்து நாள் பேசியது கஷ்டம் என்று கணவரிடம் சொன்னாள். அவர் அப்போது ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனார்கள், பதினோரு நாள். மாமியாரும் கூட வந்தார். கடல் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். டீச்சர் முதல் இரண்டு நாள் தூங்கினாள், மூன்றாம் நாள் கடலில் இறங்கினாள். திரும்பி வந்தபோது நூலகத்திலிருந்து இரண்டு பேர் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நூலகர்களுக்குப் படிப்பு விடுப்பு தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறதாம், கேட்டால் கிடைப்பதில்லையாம். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டபடி அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாற்பத்தொன்றாம் பக்கம் என்றார்கள்.