கிழக்கு எல்லையில் ஒரு சிக்கல்

அந்த மஞ்சள் பை இன்னும் என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஏதோ ஒரு கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுத்த பை. மணமக்கள் பெயர் எப்போதோ வெளுத்துப் போய்விட்டது. அம்மா அதன் வாயைச் சுருட்டி, மஞ்சள் தடவிய நூலால் இறுக்கிச் சுற்றி, ஒரு துண்டு மல்லிகைச் சரத்தை நூலுக்குள் செருகி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்த அந்தக் காலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே இருந்தவை நாங்கள் வாங்கப்போகிற வீட்டின் பத்திரங்கள். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதத்தை எங்கள் வீட்டில் அப்படித்தான் கட்டுவார்கள். யாரிடம் போகிறதோ அவர் கையால்தான் முடிச்சைப் பிரிக்க வேண்டும். இந்த முடிச்சைப் பிரிக்க வேண்டியவர் வக்கீல் சார்.

வக்கீல் சார்! அந்த 'சார்' இப்போதும் பழக்கதோஷத்தில்தான் வாயில் வருகிறது, மரியாதையில் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஆவடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் அவர் வீடு. முன்னறையில் ஒரு பெரிய மேசை, அதன்மேல் ஒரு டேபிள் ஃபேன். சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் காற்று வீசக்கூடிய ஃபேன்தான் அது. அதன் பின்னால் இருக்கும் குமிழை இழுத்து, தன் முகத்தைப் பார்த்தே நிற்கும்படி வைத்திருப்பார் மனுஷன். எதிரே பெஞ்சில் நாங்கள் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்போம். அவரோ ஆற அமரப் பேப்பரைப் படித்து முடித்து, மடித்து, தொண்டையைச் செருமிவிட்டு, "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்பார். போன வாரமும் அதே விஷயத்துக்காகத்தான் வந்தோம் என்பது அவருக்குத் தெரியாதாம். என்ன ஒரு நடிப்பு!

எங்களுக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். அப்பாவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளியவர். தை பிறந்ததும் ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீடு அமைந்தது. சின்ன வீடு, ஓடு போட்டது, ஆனால் கிணற்றுத் தண்ணீர் இளநீராட்டம் இருக்கும். கிழக்கு பார்த்த வாசல். வாசற்படியைத் தாண்டினால் தெரு. அம்மா அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே குழாயடியில நின்னு எவகூடயும் மல்லுக்கட்ட வேண்டாம்" என்றாள். அப்பா பார்க்கும் வேலையில் ஆபீஸ் கடன் கிடைக்கும். ஆனால் ஒரு வக்கீல் பத்திரங்களைப் படித்து, வில்லங்கம் எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு காகிதம் வந்துவிட்டால் வீடு எங்களுடையது.

வீட்டை விற்கிறவர் தங்கமான ஆள். அவருடைய அப்பா காலத்தில் கழனி வேலை செய்த குடும்பம். அவர் திருமழிசைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். தையில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். எங்களை நம்பி அசல் பத்திரங்களையே தூக்கி அப்பா கையில் கொடுத்தார். "நீ இன்னா ஓடியா பூடப்போற அண்ணாத்தே, வெச்சிக்கோ" என்றார். சித்திரையில் அந்தப் பத்திரங்கள் பைக்குள் போய், பை வக்கீல் சாரிடம் போனது. "வெச்சுட்டுப் போங்க, ராத்திரி உக்காந்து படிச்சிடறேன்" என்று அதை வாங்கி, பின்னால் இருந்த பீரோவுக்குள் வைத்தார்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. முதலில் கோர்ட் லீவு, ஊருக்குப் போய்விட்டார். வந்ததும் ஆடி, ஆடியில் யாராவது வீட்டுக் காரியம் பேசுவார்களா என்று எங்களையே மடக்கினார். பதிவு செய்யத்தான் ஆடி ஆகாது, படிக்கக்கூடவா ஆகாது? கேட்க எங்களுக்குத் துப்பில்லை. ஆவணியில் அவர் வீட்டில் விசேஷம். புரட்டாசியில் திருப்பதி. ஐப்பசியில் தீபாவளி, அம்மா ஒரு தூக்கு நிறைய அதிரசம் சுட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். அவர் ஃபேன் காற்றில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக் கடித்து, "பாகு கொஞ்சம் முத்திப் போச்சு" என்றார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண் நான். அந்தத் தூக்கை அவர் தலையில் கவிழ்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இப்படி மாதங்களை விழுங்கிக்கொண்டிருந்தவர், அப்பா ஒருநாள் சற்றே அழுத்திக் கேட்டபோது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கிழக்கு எல்லையில ஒரு சிக்கல் தெரியுது. சட்டம்னா சும்மாவா? அவசரப்பட்டா அப்புறம் நீங்கதான் கோர்ட்டு கோர்ட்டா அலையணும்" என்றார். அப்பா வெலவெலத்துப் போனார். கிழக்கே இருப்பது தெரு. தெருவோடு என்ன சிக்கல் வரும் என்று யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. எங்கள் சனத்துக்கே உள்ள வியாதி இது. கறுப்புக் கோட்டு போட்டவர் சொல்லிவிட்டால் சொந்தக் கண்ணையே நம்பமாட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தத் தெருவில் போய் நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

விஷயம் விற்கிறவர் காதுக்கும் போயிற்று. போகாமல் இருக்குமா? அப்பாவே தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த மனிதருக்கு வந்ததே கோபம்! "இன்னாண்ணா பேசற? எங்க நைனா காலத்துலேந்து அங்கதான் கீறோம். கெயக்கால தெருதானே கீது? தெரு வந்து கேஸ் போடுமா உன் மேல?" என்று கத்திவிட்டுப் போனார். பத்து நாளில் திரும்பி வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "மன்ச்சிக்கோ அண்ணாத்தே. பொண்ணு கண்ணாலம் நெருங்கிடுச்சு, வேற ஒர்த்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன். பத்திரத்த வாங்கிக் குத்துடு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாயில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கார்த்திகை மாதம். அப்பா, அம்மா, நான், விற்கிறவர் நால்வரும் வக்கீல் வீட்டுக்குப் போனோம். அவர் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையச் சந்தனம் என்று சபரிமலைக்கு மாலை போட்டு உட்கார்ந்திருந்தார். "சாமி சரணம்" என்றார். பத்திரங்கள் திரும்ப வேண்டும் என்றதும், "அதான் நானும் சொல்லலாம்னு இருந்தேன். எல்லாம் வரிக்கு வரி படிச்சாச்சு. அந்தக் கிழக்கு எல்லை சரியில்லை. நல்ல வேளை தப்பிச்சீங்க" என்றார். குமாஸ்தா பீரோவைத் திறந்து பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அம்மா கட்டிய நூல் அப்படியே இருந்தது. முடிச்சு மேல் முடிச்சு அப்படியே இருந்தது. நூலுக்குள் அவள் செருகிய மல்லிகைச் சரம் பழுப்பாகக் காய்ந்து, அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் காற்றில் அதிலிருந்து ஒரு பூ உதிர்ந்து மேசைக் கண்ணாடியில் விழுந்தது. சித்திரையிலிருந்து ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, அந்தப் பை பிரிக்கப்படவே இல்லை.

விற்கிறவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா சாமி, கட்டு கட்டாவே கீது! கண்ணாலயே பைக்குள்ள பூந்து படிச்சியா?" வக்கீல் சார் முகம் ஒரு கணம் சிவந்தது. உடனே சமாளித்துக்கொண்டு, "குமாஸ்தா திரும்பக் கட்டியிருப்பார்" என்றார். குமாஸ்தா ஜன்னலைப் பார்த்தார். யாரிடமும் உரக்கப் பேசியறியாத என் அம்மா எழுந்து நின்றாள். "இது நான் கட்டின முடிச்சு. இது நான் வெச்ச பூ. சாமி மாலையைப் போட்டுக்கிட்டுப் பொய் சொல்லுதீங்களே, நாக்கு கூசலையா?" என்றாள். இதைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அப்பா என்ன செய்தார் தெரியுமா? அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு, அந்த ஆளைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க சார், அவளுக்கு விவரம் பத்தாது" என்றார். பெருந்தன்மையாகத் தலையாட்டி எங்களை மன்னித்தார் அந்தப் பொய்யர். விற்கிறவர் பத்திரங்களை எடுத்துக்கொண்டு, காலிப் பையையும் நூலையும் அம்மா மடியில் வைத்தார்.

தையில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அதே முத்தாபுதுப்பேட்டையில் ஒரு போர்ஷனுக்குக் குடிபோனோம். வீட்டுக்காரம்மா மோட்டார் போட்டால் தண்ணீர், போடாவிட்டால் அம்மா குடத்தோடு குழாயடிக்கு. ரிட்டயர்மென்டில் கையில் வந்த பணம் என் கல்யாணத்துக்கும் வாடகைக்கும் கரைந்தது. அப்பா தொண்ணூறுகளில் அந்தப் போர்ஷனிலேயே படுத்த படுக்கையானார். ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஏட்டி, அந்தக் கிழக்கு எல்லையில என்னதான் சிக்கல் இருந்திருக்கும்? அவ்வளவு படிச்சவரு, ஒண்ணுமில்லாமலா சொல்லியிருப்பாரு?" என்று கேட்டார். வக்கீல்மேல் வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, அப்பாவின் காலைப் பிடித்துவிட்டேன். அந்த வாரமே போய்விட்டார்.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து வானகரத்தில் இந்த ஃப்ளாட்டை வாங்கினோம். அம்மா அதே பையை எடுத்து, அதே மாதிரி கட்டிக் கொடுத்து, தானும் கூடவே வந்தாள். இந்த வக்கீல் ஒரு சின்னப் பெண். "என் கண் முன்னாலயே பிரிங்கம்மா" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பிரித்தாள். ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, மோர் வரவழைத்துக் கொடுத்து, பக்கம் பக்கமாகப் படித்தாள். இரண்டு சந்தேகம் கேட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டாள். அம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "இவ்வளவுதானா வேலை?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இவ்வளவுதாம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையை உதறி மடித்து ஆணியில் மாட்டினாள். பிறகு அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா? கிழக்கால தெருதாங்க இருந்துச்சு. வேற ஒண்ணுமே இல்லை."