தவசிமுத்துவின் பாஸ்வேர்டு

1998 சித்திரையில் தவசிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். மில்லையும் ஸ்ரீவில்லிபுத்தூர் குடோனையும் டெலிபோன் லைன் வழியே இணைக்கும் ரௌட்டரை அமைத்தவனும் அவனே. அதன் பாஸ்வேர்டை யாரிடமும் சொன்னதில்லை. அது தன்னிடம் இருக்கும்வரை வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள் என்று நம்பினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மில் குடியிருப்புக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மேனேஜர் மொக்கைச்சாமி வந்தார். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. இடது கையில் பேனாவைத் திணித்து, பாஸ்வேர்டை எழுதச் சொன்னார். எழுத்துகள் மனசில் வரிசையாக நின்றன. தாளில் கிறுக்கலாய் விழுந்தன. ஒரு மணி நேரம் விடவில்லை. வேண்டுமென்றே மறைக்கிறான் என்று அவன் மனைவி அழகுத்தாயிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதுரையிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தான். தவசிமுத்துவையும் காரில் தூக்கிப்போட்டு வந்து பக்கத்தில் உட்காரவைத்தார்கள். என்ஜினியர் ரௌட்டரைக் கேபிளால் ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்தான். அதை அணைத்துப் போட்டு, அது கிளம்பும்போதே பிரேக் கீயை அழுத்தி, தொடக்க எண்ணை 2142 என்று மாற்றினான். அந்த எண் இருந்தால் ரௌட்டர் தான் சேமித்துவைத்த எதையும் பார்க்காது, பாஸ்வேர்டும் கேட்காது. பிறகு பழைய அமைப்பை ஏற்றி, புது பாஸ்வேர்டு வைத்தான். பத்தே நிமிடம்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா இவன மூணு வருசமாத் தாங்குனோம்?" என்றார் மொக்கைச்சாமி.

தவசிமுத்துவைப் பதறவைத்தது வேறு. எண்ணைத் திரும்பப் பழைய 2102 ஆக்காமலே என்ஜினியர் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இனி கரண்டு போய் வந்தால் ரௌட்டர் எல்லாவற்றையும் மறந்துதான் எழும். இடது கையால் கீபோர்டை எட்டினான். தொண்டையிலிருந்து முனகல்தான் வந்தது. ஒண்ணுக்கு வருது போல என்று நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்தார்கள்.

நாலாம் நாள் கரண்டு போய் வந்தது. குடோன் இணைப்பு வரவில்லை. மொக்கைச்சாமி நேரே வீட்டுக்கு வந்தார்.

"அன்னைக்கு கீபோர்டுல கை வச்சான்லா, அப்பவே என்னமோ செஞ்சிட்டான்."

"அவியளால சோத்த அள்ளவே ஏலலய்யா" என்றாள் அழகுத்தாய்.

ஒரு வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். என்ஜினியர் மறுபடி வந்து எண்ணைச் சரிசெய்தான். தவறு தன்னுடையது என்று சொல்லவில்லை.

மகாராஜபுரத்திலிருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வேனில் போகும்போது அழகுத்தாய் மெல்லக் கேட்டாள். "நெசமாச் சொல்லுங்க, நீங்கதான் செஞ்சீகளா?"

அவன் தலையை ஆட்ட முயன்றான். ரோட்டுக் குழியில் வேன் குலுங்கியது. அவன் ஆமென்றானா இல்லையென்றானா, அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் ஆறு வருடம் உயிரோடிருந்தான். அவள் மறுபடி கேட்கவேயில்லை.