கண்டதை எழுதும் சுப்பராயன்

முதலில் கடைசி வரியைத்தான் படிக்கிறார். எங்கள் வார இதழ் சனிக்கிழமை ரயிலில் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து பாம்ப்ளமூஸ் கிராமத்துக்கு வந்து, சீனர் கடைப் பலகையில் விழுந்ததும், சுப்பராயன் அதை அடியிலிருந்து மேலே பார்க்கிறார். எழுதியது யார், யாருக்கு, எதற்கு? இது தெரியாமல் தலைப்புக்கே போக மாட்டார். "யாரு பேசுறான்னு தெரியாம லகாசெத்துக்கு எப்படிக் காது குடுக்கறது?" என்பார். பத்திரிகைக்கு இந்தத் தீவில் லகாசெத் என்றுதான் பெயர்.

பிறகு காதிலிருந்து பென்சில் இறங்கும். வரிக்கு வரி ஓரத்தில் 'கண்டது', 'கேட்டது', 'நினைத்தது' என்று எழுதிக்கொண்டே வருவார். அரசாங்க அறிவிப்பும் தப்பாது, பேதி மருந்து விளம்பரமும் தப்பாது. 'ஆயிரம் பேர் குணமடைந்தனர்' என்ற வரிக்கு நேரே 'சாட்சி?' என்று போட்டிருந்ததை நானே பார்த்தேன். ஒரு முறை உறவுக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் தங்கமான குணம் என்று தரகர் அளந்துகொண்டிருக்க, இவர் "அது நீங்க நெனச்சது. கண்டது எதுனா இருந்தா சொல்லுங்க" என்றாராம். அதிலிருந்து இவரைக் கல்யாணப் பேச்சுக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

எழுதுகிற எல்லோருக்கும் ஒரு சாய்வு உண்டு என்பது இவர் கட்சி. "கரும்பு சாஞ்சிருந்தா கரும்பத் திட்டக் கூடாது, தம்பி. காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு பாக்கணும்." தன்னையும் விட்டுவைப்பதில்லை. எங்களுக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்புகிறவர் இவர்தான். ஆலையைப் பற்றி எழுதினால், 'இதை எழுதியவனும் கரும்பு பயிரிடுகிறவன்' என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுவார். இப்படி ஒரு மனிதர் எங்கிருந்து முளைத்தார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சென்ற வருஷத் தீமிதியில் பக்கத்து வீட்டு மருதைக்குக் கால் வெந்தது. அதையும் எழுதினார். மருதை கெஞ்சியும் எடுக்கவில்லை. விரதத்தை இங்கே கரெம் என்பார்கள். தணலில் கால் வெந்தால் கரெம் கெட்டது, எதையோ தின்றுவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். மருதை கோயில் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். "நான் எழுதினது கால் வெந்தத மட்டும். மீன் தின்னான்னு எழுதினது ஊரு" என்றார் சுப்பராயன். நியாயம்தான். ஆனாலும் அன்று எனக்கு இவர்மேல் கோபம் வந்தது.

இந்த வருஷம் தீமிதி முடிந்தும் இவரிடமிருந்து எழுத்து வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். காலைத் துணியால் மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவரும் தணல் மிதித்திருக்கிறார். வலது பாதம் வெந்துவிட்டது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. இவர் மனைவி செங்கம்மா என்னைத் தனியே அழைத்தார். மகளுக்கு வக்குவா ஊரில் இப்போதுதான் மாப்பிள்ளை வீடு அமைந்திருக்கிறது, சம்பந்தி வீட்டாரும் லகாசெத் படிக்கிறவர்கள், அச்சில் வந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று அழுதார்.

இதை விட்டுவிட்டு மற்றதை எழுதிக் கொடுங்கள் என்று சுப்பராயனிடம் சொன்னேன்.

"விட்டாலும் அது சாய்வுதான், தம்பி."

கரெம் கெட்டதா என்று கேட்டே விட்டேன்.

"கெடல. ஆனா அத நான் சொன்னா சாட்சி ஆவுமா?"

என் கால் வெந்ததை நானே எழுதக் கூடாது, மருதையைக் கூப்பிடு என்று மனைவியிடம் சொன்னார். செங்கம்மா முடியாது என்றார். வெகு நேரம் முற்றத்தில் நின்றுவிட்டு, பிறகு அவரே போய் அழைத்து வந்தார். மருதை உள்ளே வர மனமில்லாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"நீ பாத்ததச் சொல்லு, மருதை. தம்பி எழுதிக்கும்."

மருதை மெல்லக் கட்டிலருகே வந்தார். சுப்பராயன் துணியை விலக்கிப் பாதத்தை வெளிச்சத்துக்கு நீட்டினார். பிறகு, தன் முகத்தைப் பார்த்து மருதையின் சாட்சி சாய்ந்துவிடாதபடி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.