வாயைத் திற, கண்ணை மூடு

மாவட்டச் சுகாதார அலுவலகம் எங்கள் பள்ளிக்கு அனுப்பிய ஆணையில் ‘வாய்ச் சுகாதார ஊக்குநர்’ இப்படி விவரிக்கப்பட்டிருந்தார்: இளம் வயதினர், மலர்ந்த முகமும் பளிச்சிடும் பற்களும் உடையவர், பாட்டு, பொம்மை, விளையாட்டு ஆகியவற்றின் மூலம் குழந்தைகளைக் கவர்ந்து, பல் துலக்குவதை ஒரு கொண்டாட்டமாக மாற்றவல்லவர்.

அந்த வேலைக்கு வந்து சேர்ந்தவள் மொங்கியா. ஐம்பதைத் தாண்டியவள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்திருந்தாலும் பளிச்சிட வாயில் நாலைந்து பற்களே மிச்சம். அவையும் எங்கள் ஊர்த் தண்ணீர் எல்லோருக்கும் பூசிவிடும் அந்தப் பழுப்பு நிறத்தில். பாட்டு வராது. பொம்மையைக் கையில் கொடுத்தால் தூசி தட்டி அலமாரியில் வைத்துவிடுவாள், ஏனென்றால் பள்ளியைக் கூட்டிப் பெருக்குவதுதான் அவளுடைய வேலை.

அலுவலகம் முதலில் அனுப்பியது விவரத்துக்கு அச்சாகப் பொருந்திய ஒரு பெண்ணைத்தான். தலைநகரிலிருந்து வந்தவள் ஊரை ஒட்டிக் கிடக்கும் உப்பு ஏரியின் வெள்ளைவெளியைப் பார்த்தாள், விடுதிக் குளியலறையில் ஒரு தேளைப் பார்த்தாள், வந்த பேருந்திலேயே திரும்பிப் போனாள். தலைமையாசிரியர் ஹாதி கடற்கரைப் பக்கமிருந்து வந்த வெளியூர்க்காரர், ஒழுங்கு விரும்பி. பயிற்சிக்கு யாரையாவது அனுப்பியே ஆகவேண்டும் என்று கடிதம் வந்தது. ‘யாரையாவது’ என்பதை அவர் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றினார்.

அவருக்குத் தெரியாத ஒன்று ஊருக்கெல்லாம் தெரியும். எங்கள் ஊரில் இறந்துபோகும் பெண்களின் உடலை, அதாவது மையித்தை, குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி அனுப்புகிறவள் மொங்கியாதான். அதை அவரிடம் யாரும் மறைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மொங்கியாவுக்கு ஊரில் மரியாதை நிறைய. கல்யாண வீட்டில் கோதுமைக் குஸ்குஸ் உணவு முதலில் அவளுக்குத்தான் போகும், தனித் தட்டில். எல்லோரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் ஊரில் தனித் தட்டு எவ்வகை மரியாதை என்பது அதை வாங்கிக்கொள்கிறவளுக்குத் தெரியும். அவள் தெருவில் வந்தால் கர்ப்பிணிகள் எதிர்ப்பக்கம் போவார்கள். யாரும் அவள் கையில் குழந்தையைத் தரமாட்டார்கள். அவள் மேல் எப்போதும், மையித்துக்குப் பூசும் கற்பூரத்தின் லேசான வாசனை இருந்தது.

ஆனால் பிள்ளைகள் காதில் சாவைப் போடக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம். ஆகவே பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பல் வகுப்பின் முதல் நாள் ஒரு சிறுமி வந்து அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். “ஆயா, உன் மேல பற்பசை வாசனை அடிக்குது” என்றாள். அவள் பெயர் துர்ரா. மொங்கியா அந்தக் கையை உதறவில்லை, பிடிக்கவுமில்லை. வீட்டுக்குள் தவறி வந்த பறவையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரக் கடைசியில் பிள்ளைகள் அவளுடைய இரண்டு கைகளுக்கும் சண்டை போட்டார்கள்.

அலுவலகத்திலிருந்து பற்பசை வந்தது. பிரஷ்கள் பின்னால் வரும் என்றார்கள். மொங்கியா காத்திருக்கவில்லை. வெள்ளைத் துணியைப் பட்டையாகக் கிழித்தாள், நனைத்தாள், விரலில் சுற்றிக்கொண்டாள். நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் வாயை அவள் அதுவரை துடைத்ததில்லை. எனவே பிள்ளைகளை பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். விழித்திருக்கும் கண்கள் அவளைத் தடுமாற வைத்தன.

“கண்ண மூடு. வாயத் திற. கை ரெண்டும் பக்கத்துல. அசையக்கூடாது.”

பிஸ்மில்லாஹ் சொல்லி, வலப்பக்கம் தொடங்கி, மேல்வரிசை, கீழ்வரிசை, ஈறு, நாக்கு. முடிந்ததும் உதட்டை இரண்டு விரலால் மெல்லச் சேர்த்து மூடுவாள். பிறகு அவர்களையே ஒருவருக்கொருவர் செய்யவைத்தாள். ஹாதி ஒரு முறை எட்டிப் பார்த்தார். வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் வரிசையாகக் கண்மூடிக் கிடந்தார்கள். ஈ பறக்கும் சத்தம் கேட்டது. அவர் கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ‘ஒழுங்கு மிகச் சிறப்பு’ என்று எழுதினார்.

மூன்று வயதிலேயே சர்க்கரை கொட்டிய புதினாத் தேநீரைக் குடிக்கத் தொடங்கும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். அவர்கள் வீட்டிலும் பல் துலக்கத் தொடங்கினார்கள். வினை அங்கேதான் வந்தது.

துர்ராவின் அம்மா ஸுவாத், ஒரு பிற்பகல் பேரீச்சம்பழம் தரம்பிரிக்கும் கொட்டகையிலிருந்து வீடு திரும்பினாள். வெயில் உறைந்து கிடந்த நேரம். வீடு அமைதியாக இருந்தது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இருக்கக்கூடாத அமைதி. உள்ளறைப் பாயில் அவளுடைய இரண்டு சின்னப் பையன்களும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. கைகள் பக்கவாட்டில் நீட்டியிருந்தன. துர்ரா விரலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு, “பிஸ்மில்லாஹ்” என்று முணுமுணுத்தபடி, கடைசித் தம்பியின் வாயைத் துடைத்து உதட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

துணி சுற்றிய இப்படியொரு விரலை ஸுவாத் முன்பே பார்த்திருக்கிறாள். அவளுடைய தாயை மொங்கியா குளிப்பாட்டியபோது தண்ணீர் ஊற்றியவள் ஸுவாத்தான்.

அவள் போட்ட கூச்சலில் மூன்று ‘மையித்து’களும் எழுந்து ஓடின.

மறுநாள் காலை பள்ளி வாசலில் பெண்கள் கூட்டம். ஹாதிக்குப் பாதிதான் புரிந்தது.

“அவ எங்க பிள்ளைகளுக்கு மையித்தாக் கிடக்கப் பழக்குறா, ஐயா!” என்றாள் ஸுவாத்.

“யாரு? கூட்டுற அம்மாவா?”

“கூட்டுறது காலைல. மத்தது சாவு விழுந்தா.”

“எந்த மத்தது?”

கடைசியில் கிழவி மஹ்பூபாதான் சொன்னாள்: “நீங்க ஆம்பள, கவலப்படாதீங்க. உங்களக் குளிப்பாட்ட வேற ஆள் இருக்கு.”

ஹாதி மொங்கியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் தன்னையறியாமல் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“அம்மா, ரெண்டுல ஒண்ண விட்டுடுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவள் பல் வகுப்பை விடுவாள், பெருக்குவதற்கே திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். வெளியே நின்ற பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

“மையித்த விட்டுடறேன்” என்றாள் மொங்கியா. “செத்தவங்க யாரும் என் கையப் பிடிக்கறதில்ல, ஐயா. இனிமே தொடமாட்டேன்னு வாக்குத் தரேன்.”

ஹாதி ஒழுங்கு விரும்பி. கொடுத்த வார்த்தையிலிருந்து அவர் பின்வாங்க முடியவில்லை. பிள்ளைகள் முன்போலவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வாசலுக்கு வெளியே என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அது தெரிந்துவிட்டால் அந்தக் கைகள் போய்விடும் என்பது மொங்கியாவுக்குத் தெரியும்.

பேரீச்சைக் கொட்டகையில் இப்போது வேறு பேச்சு ஓடியது.

“நல்லதாப் போச்சு. இனி யாரு குளிப்பாட்டுவா?”

“ஸுவாத்துதான். அவதானே அவ்வளவு கரெக்டாக் கண்டுபிடிச்சா!”

“போடி! நான் தண்ணிதான் ஊத்தினேன். பாதி நேரம் கண்ண மூடிக்கிட்டிருந்தேன்.”

“பக்கத்து ஊர்லேர்ந்து ஆள் கூட்டியாரலாம்.”

“அவ வந்து என் உடம்பத் தொடவா? முன்னப்பின்ன தெரியாதவ!” என்றாள் மஹ்பூபா. “மொங்கியாவுக்கு மனசு மாறற வரைக்கும் நான் சாகறதா இல்ல. நீங்க உங்க சௌகரியத்தப் பாத்துக்குங்க.”

பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது என்று விரட்டியவளை, தாங்கள் சாகும்போது பக்கத்தில் வந்தே ஆகவேண்டும் என்றார்கள். இதில் முரண்பாடு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ஊர் கொஞ்ச காலம் மிகக் கவனமாக உயிரோடு இருந்தது. இருமியவர்களைச் சுற்றி இருந்தவர்கள் கடிந்துகொண்டார்கள்.

கோடைத் தொடக்கத்தில் ஒரு விடியலில் ஸுவாத்தின் மூத்த அக்கா ஸல்ஹா, சர்க்கரை நோய்க்காரி, எழுந்திருக்கவில்லை. அந்த வெயிலில் நண்பகலுக்குள் அடக்கம் செய்தாக வேண்டும். குளிப்பாட்டும் பலகையில் அவளைக் கிடத்தினார்கள். தண்ணீர் வந்தது, இலந்தை இலைப் பொடி வந்தது, கற்பூரம் வந்தது. பெண்கள் சுற்றி நின்றார்கள். யாரும் தொடங்கவில்லை. ஸுவாத் அக்காவின் தாடையைத் தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

அப்போது கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“எனக்குத் தெரியும்மா. நான் செய்யறேன்.”

துர்ரா. எப்படியோ உள்ளே வந்துவிட்டிருந்தாள். விரலில் துணியைச் சுற்றி முடித்திருந்தாள், ஒரு சுருக்கம்கூட இல்லாமல். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து அவள் பயப்படவில்லை. வகுப்பில் எத்தனையோ முறை பார்த்த முகம்தானே: கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, அசையவில்லை.

“வலப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றாள், சுற்றி நின்றவர்களுக்கு.

ஸுவாத் தலைத்துணிகூட இல்லாமல் பள்ளிக்கு ஓடினாள். பல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் படுத்துக் கிடந்தார்கள்.

“மொங்கியா, வா.”

“வாக்குக் குடுத்துட்டேன், ஸுவாத்.”

“ஸல்ஹா பலகையில கெடக்கறா. செத்துப்போயிட்டா. குளிப்பாட்ட நீதான் வரணும்.”

பெஞ்சுகளில் ஒவ்வொன்றாகக் கண்கள் திறந்தன. மொங்கியா அவற்றைப் பார்த்தாள். இத்தனை நாள் யாரும் சொல்லாததை ஸுவாத் ஒரே மூச்சில் சொல்லிவிட்டிருந்தாள்.

“பிள்ளைகளுக்கு எதிர்லயா சொல்லுவே?”

“துர்ரா துணியச் சுத்திக்கிட்டு நிக்கறா, அங்க.”

மொங்கியா விரலில் இருந்த துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். கடைசி பெஞ்சுப் பையனின் திறந்த வாயை மூடிவிட்டு, ஸுவாத்துக்கு முன்னால் நடந்தாள். ஹாதி தன் அறைச் சன்னலில் நின்றிருந்தார். அவள் நிற்கவில்லை.

ஸல்ஹா நண்பகலுக்கு முன் அடக்கமானாள்.

அடுத்த நாள் மொங்கியா பள்ளிக்கு வந்தபோது பிள்ளைகள் சுவரோரமாக ஒட்டி நின்றார்கள். யாரும் ஓடிவரவில்லை. உப்பு ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று முற்றத்தில் வெள்ளைத் தூளை இழுத்துப் போயிற்று. அவள் வகுப்பறைக்குள் போனாள், துணிகளை நனைத்தாள், வெறும் பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்றாள். அவள் பக்கத்தில் ஆள் இல்லாதது எங்களுக்குப் பழகிய காட்சி. அவளுக்குத்தான் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

சற்று நேரம் கழித்து துர்ரா உள்ளே வந்தாள். மற்றவர்கள் வாசலில் குவிந்தார்கள்.

“பெரியம்மாவுக்குக் கடவாய்ப் பல்லும் தேச்சியா?”

“தேச்சேன்.”

“உள்பக்கம்?”

“உள்பக்கமும்தான்.”

“அவங்களுக்கு வலிச்சுதா?”

“இல்ல.”

துர்ரா யோசித்தாள். “எனக்கு ஒரு பல்லு ஆடுது. அது விழுந்தா சூரியனுக்கு எறியணும். கழுதப் பல்ல எடுத்துக்கோ, மான் பல்லக் குடுன்னு கேக்கணும். அழுக்காக் குடுத்தா வாங்கிக்குமா?”

“வாங்கிக்காது.”

அவள் பெஞ்சில் ஏறி மல்லாந்து படுத்தாள். கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். கண்களை மட்டும் மூடவில்லை. மொங்கியா குனிந்திருந்த நேரம் முழுவதும் துர்ரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொங்கியாவும் மூடச் சொல்லவில்லை. முடிந்ததும் துர்ரா எழுந்து அவளுடைய சுட்டுவிரலை, ஈரத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டாள். ஒரு சிலர் வந்தார்கள். மற்றவர்கள் அந்த வாரம் முழுவதும் ஒவ்வொருவராக வந்தார்கள். கண்ணை மூட யாரும் சம்மதிக்கவில்லை.

பிரஷ்கள் வரவேயில்லை. அவள் கொடுத்த வாக்கைப் பற்றி ஹாதி கேட்கவேயில்லை. மறுமுறை அனுப்பிய அறிக்கையில் ஊக்குநர் ‘மலர்ந்த முகத்துடன்’ பணியாற்றுவதாக எழுதினார். மஹ்பூபா அந்தக் குளிர்காலத்தில் நிம்மதியாக இறந்தாள்.

மொங்கியா ஓய்வுபெறும்வரை எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுத்தாள்; எங்கள் ஊரில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டினாள்; இரண்டுக்கும் வேறுவேறு துணிகள் வைத்திருந்தாள்.