ஏழாம் துண்டு

எழுபதுகளின் கடைசியில் என் பேச்சை நம்பி என் அண்ணன் ஒரு சம்பாவில் பாதி விளைச்சலை இழந்தார். நான் அப்போது காரைக்காலில் வேளாண்மைத் துறையில் களப்பணிக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் சுரக்குடியில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்து வயல்களில் நட்ட மூன்றாம் வாரம் பயிருக்கு ஒரு நோவு வரும். அடி இலைகளில் துருப் பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளி விழும். பயிர் தூர் கட்டாமல் அப்படியே நின்றுபோகும். மண்ணில் துத்தநாகச் சத்து குறைந்தால் இப்படி ஆகும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு விவசாயியிடம் இரண்டு வயல்களைக் கேட்டு வாங்கி, ஒன்றில் துத்தநாக உரமான ஜிங்க் சல்பேட் போட்டேன், மற்றதில் போடவில்லை. போட்டது செழித்தது. போடாதது புள்ளி விழுந்து நின்றது. ஊராரை வரப்பில் நிறுத்தி இரண்டையும் காட்டினேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த சம்பாவில் அண்ணன் வயல் முழுக்க அதைப் போட்டார். முன்பெல்லாம் பயிர் இப்படிப் பழுத்தால் தண்ணீரை வடிய விட்டு, மண் லேசாக வெடிக்கும் வரை காயப்போட்டு, மறுபடி பாய்ச்சுவது அவர் வழக்கம். அதை வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். உரம் தண்ணீரோடு போய்விடும் என்றேன். தை பிறக்கும்போது தாழ்ந்த பாதி வயல் பதராக நின்றது.

"நீ சொன்ன அளவுதான் போட்டேன் தம்பி. ஒரு பிடி குறைக்கல" என்றார் அண்ணன். என்னைக் குறை சொல்லவில்லை. தன் கையால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதல் வருஷம் காட்சிக்கு வைத்த வயல்களுக்குப் போனேன். உரம் போட்ட வயல் மடையை ஒட்டி மேட்டில் இருந்தது. தண்ணீர் வந்து வந்து வடிந்துபோகும். போடாத வயல் கடைக்கோடியில், பள்ளத்தில். அங்கே தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கும். உரத்தில் மட்டும் வேறுபட்ட இரண்டு வயல் என்று நான் நினைத்தவை தண்ணீரிலும் வேறுபட்டிருந்தன. பயிர் செழித்தது உரத்தாலா, வடிகாலாலா என்று அந்த இரண்டு வயலை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அண்ணனிடம் அதைச் சொன்னேன். தாழ்ந்த வயலில் கொஞ்ச இடம் கேட்டேன். "திரும்பவுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒத்துக்கொண்டார்.

பன்னிரண்டு சிறு துண்டுகளாக வரப்புக் கட்டினோம். மூன்றில் உரமும் வடிகாலும். மூன்றில் உரம் மட்டும். மூன்றில் வடிகால் மட்டும். மூன்றில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு துண்டு என்றால் எலி வெட்டினாலும் மண் நன்றாக அமைந்தாலும் நம்மை ஏமாற்றிவிடும் என்பதால் மூன்று மூன்று. எந்தத் துண்டுக்கு எது என்பதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அண்ணி சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஆறு பொட்டலத்தில் உரம் கலந்த மணல், ஆறில் வெறும் மணல் என்று கட்டியதும் அவர்கள்தான். எண் மட்டும் எழுதியிருக்கும். எந்த எண்ணில் உரம் என்ற கணக்குத் தாள் அவர்கள் பெட்டியில் இருந்தது.

"உங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதாங்க தம்பி?"

"எனக்குத்தான் முக்கியமா தெரியக் கூடாது அண்ணி. தெரிஞ்சா உரம் போட்ட துண்டுல ரெண்டு தூர் கூடவே எண்ணுவேன்."

நடவுக்கு முன்பே இன்னொரு தாளில் எழுதி அண்ணியிடம் கொடுத்தேன். உரக் குறைதான் காரணம் என்றால், தண்ணீர் தேங்கினாலும் உரம் போட்ட துண்டு தேற வேண்டும். தண்ணீர்தான் காரணம் என்றால், உரம் இல்லாவிட்டாலும் வடித்த துண்டு தேற வேண்டும். பின்னால் எது வந்தாலும் எனக்குத் தோதாகத் திருப்பிப் பேச வழி இருக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்.

மூன்றாம் வாரம் வடிக்காத துண்டுகள் பழுக்கத் தொடங்கின. அண்ணன் தினமும் போய் அவற்றின் முன் நிற்பதாக அண்ணி சொன்னார்கள். ஒரு நாள் காலையில் காரைக்காலில் நான் தங்கியிருந்த வீட்டுக்கே அண்ணன் வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏழாம் துண்டத் தொறந்துட்டேன்டா."

"எப்ப?"

"நாலு நாளாச்சு. தண்ணிய வடிச்சு விட்டுட்டேன். பயிரு கண்ணு முன்னால சாவுது. வழி தெரிஞ்சும் கைய கட்டிக்கிட்டு நிக்கச் சொல்ற. என்னால ஆவலடா."

எனக்குக் கோபம் வந்தது. "சொல்லாம விட்டிருந்தா மொத்தமும் வீணாப் போயிருக்கும் அண்ணே" என்றேன்.

"அதான் சொல்ல வந்தேன்."

அவர் செய்தது நாலே நாளில் அவருக்கு உறுத்தவே, இத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வந்து சொல்லிவிட்டார். நல்ல வயலாகப் பார்த்து உரத்துக்குக் கொடுத்த நான் அதைச் செய்ததுகூடத் தெரியாமல் ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். நோட்டில் ஏழாம் துண்டுக்கு எதிரே நடந்ததை எழுதி, அதை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கோடு போட்டு அடிக்கவில்லை, என்ன நடந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அறுப்பு அன்று ஒவ்வொரு துண்டின் கட்டையும் தனித்தனியே அடித்து, தூற்றி, நிறுத்தோம். நிறுத்து முடித்த பிறகுதான் அண்ணி தாளைக் கொண்டுவந்தார்கள். களத்திலேயே உட்கார்ந்து வாசித்தார்கள். தண்ணீரை வடித்த ஆறு துண்டும் வடிக்காதவை எல்லாவற்றையும்விட அதிகம் நெல் கண்டிருந்தன. உரம் போட்டதற்கும் போடாததற்கும் இருந்த வித்தியாசம் ஒரே வகைத் துண்டுகளுக்குள் இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிதாக இல்லை. அண்ணன் தன் பழைய வழக்கத்தை விடாமல் இருந்திருந்தால் போன சம்பா பிழைத்திருக்கும்.

அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வைக்கோலைப் பார்க்கப் போனார்.

எனக்கு மேலே இருந்த அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு, "இத ஊருல போயி சொல்லணும்னு என்ன இருக்கு? அடுத்த வருஷம் வேற ஒண்ணக் காட்டுங்க" என்றார். நான் போனேன். போன தடவை கூடியவர்களே கூடியிருந்தார்கள். இந்த வயலில், இந்த மண்ணில், நோவுக்குக் காரணம் தேங்கும் தண்ணீர் என்றேன். வேறு மண்ணில் உரக் குறையும் இருக்கலாம், அதைத் தனியே பார்க்க வேண்டும் என்றேன்.

பூவம் என்ற ஊரிலிருந்து வந்து, இங்கே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்ட ஒருவர் எழுந்தார். என் பேச்சைக் கேட்டு அவரும் உரம் போட்டவர்.

"அப்ப முன்ன சொன்னது?"

"தப்புங்க. நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன்."

"இது மட்டும் சரின்னு எப்படி நம்புறது?"

பன்னிரண்டு துண்டையும் எப்படிப் பிரித்தோம், யார் எதை அறியாமல் இருந்தார்கள், ஏழாம் துண்டில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்த மனிதர் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அந்தக் கோடையில் அண்ணனும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து தூர்ந்துபோன வடிகாலை வெட்டினார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்டவர் வரவில்லை. நான் அந்தப் பகுதியில் வேலை பார்த்த வரைக்கும் என்னைத் தன் வயலில் இறங்க விட்டதுமில்லை. வழியில் பார்த்தால் மரியாதையாக, "வாங்க" என்பார். அதோடு நடந்துபோய்விடுவார்.