எதிர்க்கரையில் ஒரு கை

கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். கோட்டூர்புரத்தில், அடையாற்றை ஒட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடி வீடு. கணவருக்கு மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை. மாதத்தில் இருபது நாள் வேலூர், சேலம் என்று சுற்றிக்கொண்டிருப்பார். கீழ்வீட்டு போனுக்கு வாரம் இரண்டு முறை கூப்பிடுவார். அந்த வீட்டுக்காரர்கள் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் கூடத்தில் நின்று, "சாப்பிட்டாச்சு, நல்லாயிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிடுவேன்.

ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடும். அப்புறம் பின்பக்கத்து பால்கனிதான். கீழே கறுப்புத் தண்ணீர், ஆகாயத்தாமரை, வெயில் ஏற ஏற நாற்றம். ஒரு பக்கம் நந்தனத்துக்குப் போகும் பாலம். எதிர்க்கரையில் சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் குடிசைகள்.

அவற்றில் முருங்கை மரத்தை ஒட்டிய ஒரு குடிசையின் முன்னால் தினமும் பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் வந்து நிற்பாள். புதருக்கு மேல் தலையும் தோளும்தான் தெரியும். ஒருநாள் கையைத் தூக்கி வீசி வீசி ஆட்டினாள். மேலும் கீழும் பார்த்தேன். மற்ற பால்கனிகளில் யாருமில்லை. எனக்குத்தான். நானும் கையை ஆட்டினேன்.

மறுநாளும் ஆட்டினாள். அப்படியே பழக்கமாகிவிட்டது. பதினொரு மணிக்கு முன்னால் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அவள் வராத நாளில், உடம்புக்கு என்னவோ என்று கவலைப்படுவேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று பயம்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். காலையில் எழுந்து பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புதர் இல்லை. குடிசைகளின் கூரை மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் மழை விட்டதும், இரண்டு புடவையும் ரொட்டிப் பாக்கெட்டுகளும் பையில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டி நடந்தேன். பாலத்தில் வெள்ளம் பார்க்கத் திருவிழாக் கூட்டம்.

குடிசைக்காரர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அவள் முகமே எனக்குத் தெரியாது. "கரையோரத்துல, முருங்கை மரத்துப் பக்கத்து வீடு" என்று விசாரித்தேன். ஒரு வகுப்பறையைக் காட்டினார்கள். அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஈரத் தலையை விரித்துப் போட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதிர்க்கரை மாடி வீடு. தினமும் எனக்குக் கை காட்டுவீங்களே" என்றேன்.

"நானா? உனுக்கா?" கொஞ்சம் யோசித்தாள். "அய்ய, கருவாடு காயப்போட்டுட்டு காக்கா ஓட்டிக்கினு இருந்திருப்பேன்மா. அம்மாந்தூரம் எனுக்குக் கண்ணே தெரியாது."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பையை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "வூட்ல யாரும் இல்லியா உனுக்கு?"

"அவர் வெளியூர் போயிருக்கார்."

"எப்போ வருவாரு?"

"சனிக்கிழமை."

"அதுவரிக்கும் ஒண்டியாவா கீறே?"

இந்த ஊருக்கு வந்த ஒன்றரை வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். வீட்டை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். யாரோ டீ கொண்டுவந்தார்கள். டம்ளர் ஒன்றுதான் இருந்தது. முதலில் என்னைக் குடிக்கச் சொன்னாள்.

கிளம்பும்போது, "உன் வூடு எது?" என்று கேட்டாள்.

"பாலத்துலேர்ந்து மூணாவது கட்டடம், ரெண்டாவது மாடி."

"செரி, இனிமே நெசமாவே காட்டுறேன், போ."

தண்ணீர் வடிந்து, பத்துப் பதினைந்து நாளில் குடிசைகள் மறுபடி எழும்பின. ஒருநாள் பதினொரு மணிக்கு அவள் வந்து நின்றாள். கருவாடு இன்னும் போடவில்லை போல, காக்கையே இல்லை. கையைத் தூக்கி மெதுவாக ஆட்டினாள். ஆனால் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்து. அங்கே மாடியில் யாரோ சிவப்புப் போர்வை காயப்போட்டிருந்தார்கள். நான் துண்டை எடுத்துத் தலைக்குமேல் சுழற்றினேன். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கை வலிக்கும்வரை சுழற்றினேன்.

சித்திரையில் மேற்கு மாம்பலத்துக்கு வீடு மாறினோம். ரயில் நிலையம் பக்கம் என்றால் கணவருக்குச் சௌகரியம். அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வர ஒரு மணி நேரம் போதும். சாமான் கட்டும் வேலையில் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். உண்மையில், "யார் அது?" என்று கணவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. லாரி பாலத்தைக் கடந்தபோது கரையில் யாரும் இல்லை.

மாம்பலத்தில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். முதல் வாரம் முழுக்க, பதினொரு மணி ஆனதும் தெருமுனைவரை போய்க் கறிவேப்பிலை வாங்கிவந்தேன். வீட்டில் ஏற்கெனவே நிறைய இருந்தது.