ஓட்டினது யாருன்னு எழுதணும்

என் கணவர் துபாயில் இருந்த காலம் அது. லீவில் வந்தபோது எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் வாங்கித் தந்திருந்தார். பெண்கள் கார் ஓட்டுவது பிடிக்காத மாமனாருக்கு மட்டும் சொல்லவில்லை.

ஒரு சாரல் காலையில் என் மகளுக்குக் காய்ச்சலில் ஜன்னி வந்துவிட்டது. மாமனார் கடையில், டிரைவரும் வரவில்லை. பிள்ளையை நாத்தனார் மடியில் போட்டு, இலஞ்சியிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டினேன். ஈர ரோட்டில் வண்டி வழுக்கிப் பாலச் சுவரில் உரசியது. நிறுத்தவே இல்லை.

பிள்ளை பிழைத்துவிட்டாள். மறுநாள் நசுங்கிய கதவைப் பார்த்த இன்சூரன்ஸ் ஏஜென்ட், "கிளெய்ம் பண்ணணும்னா ஓட்டினது யாருன்னு எழுதணும். டிரைவர் பேரப் போட்டுருவோமா?" என்றார். பொய் எழுதவும் பயம், உண்மையைச் சொல்லவும் பயம். கிளெய்மே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான், பின்னால் மாமனார் நிற்பதைப் பார்த்தேன்.

"நீதான ஓட்டுன?"

"ஆமா மாமா."

"லைசென்ஸ் இருக்கா?"

தலையசைத்தேன்.

"பொறவு என்னத்துக்கு முழிக்க? ஒம் பேரையே எழுது."

அடுத்த வாரம், "குத்தாலம் வரைக்கும் கொண்டு விடுதியாம்மா?" என்று அவரே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வழி நெடுகக் கதவை இறுக்கிப் பிடித்தபடியே வந்தார். அவருக்கும் பயம்தான். ஆனாலும் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. என்னை நம்புவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.